ஒரே பத்தியை வைத்து ஆங்கில ஒலிப்பு பழகுவது எப்படி?

ஆங்கில ஒலியியல் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒலிக்குறியீட்டு அட்டவணையில் ஆரம்பித்து அதிலேயே சலித்துப்போகிறார்கள். தென் இங்கிலாந்தின் பொதுப்பேச்சில் மட்டும் 24 மெய்யொலிகள், 20 உயிரொலிகள். இந்த 44-ஐயும் மனப்பாடம் செய்தால் காது பழகிவிடாது. குறியீடு பிறகு வரட்டும். முதலில் ஒரே பத்தியைப் பலர் வாயால் கேளுங்கள்.

தேவையானவை இரண்டுதான், இரண்டுமே இலவசம். ஒன்று, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்கைவ்' (Speech Accent Archive) என்ற குரல் பதிவுத் தளம். மற்றது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ப்ராட்' (Praat) என்ற, ஒலியைப் பதிந்து அளக்கும் மென்பொருள். கூடவே நல்ல ஹெட்போன் ஒன்று இருக்கட்டும்.

படி 1: மூன்று குரல்கள்

அந்தத் தளத்தில் எல்லோரும் வாசிப்பது 69 சொற்கள் கொண்ட ஒரே பத்தி. ஸ்டெல்லா என்பவரிடம் கடையில் என்னென்ன வாங்கிவரச் சொல்ல வேண்டும் என்று போகும். ஆங்கிலம் பேசுவோர் பட்டியலில் லண்டன்காரர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர், வட இங்கிலாந்துக்காரர் ஒருவர் என எடுங்கள். பிறந்த ஊரோடு வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் தலைமுறைக்குத் தலைமுறை பேச்சு மாறும் என்பதால், ஓர் ஆளை வைத்து ஊரையே முடிவுகட்டக் கூடாது.

படி 2: எழுத்தைப் பார்க்காமல் கேட்பது

பத்தி கண்ணெதிரே இருந்தால், ஒலிக்காத எழுத்தும் காதில் விழுந்ததுபோலவே தோன்றும். அதனால் திரையை மறைத்துவிட்டு இந்த நான்கு சொற்களை மட்டும் தேடுங்கள்.

'ஸ்டோர்': அமெரிக்கர் கடைசி ரகரத்தை உச்சரிப்பார். லண்டன்காரர் பெரும்பாலும் 'ஸ்டோ' என்று நிறுத்துவார். அதே லண்டன்காரர் 'ஃபார் ஹெர்' என்பதை விரைவாகச் சொல்லி ஹகரத்தை விழுங்கினால், அடுத்து உயிரொலி வருவதால் 'ஃபார்' இறுதியில் ரகரம் திரும்பி வரும். தொடங்குபவர்களைக் குழப்பும் இடம் இதுதான்.

'ஆஸ்க்': லண்டனில் நெடில். அமெரிக்காவிலும் வட இங்கிலாந்திலும் நாக்கு முன்னே வந்து ஒலி மாறும்.

'பிரதர்': வட இங்கிலாந்தில் பலர் 'ப்ருதர்' என்பதற்கு அருகில் சொல்வார்கள்.

'பாப்' (Bob என்ற பெயர்): அமெரிக்கர் வாயைத் திறந்து சொல்வார், லண்டன்காரர் உதட்டைக் குவிப்பார். தமிழ்நாட்டில் 'டாக்டர்', இலங்கையில் 'டொக்டர்' என்று எழுதுகிறோமே, அந்த ஒகரம் இந்தக் குவிந்த ஒலிக்குத்தான் நெருக்கம்.

படி 3: பகரத்தைத் திரையில் பார்ப்பது

பட்டாணியைக் குறிக்கும் 'பீஸ்' (peas) என்ற சொல்லில் முதல் ஒலிக்குப் பின் ஒரு மூச்சு வெடித்து வரும். 'ஸ்பூன்ஸ்' என்பதில் சகரத்துக்குப் பின் வருவதால் அந்த மூச்சு இருக்காது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொன்னாலே தெரியும்.

ப்ராட்டில் ஒலிக்கோப்பைத் திறந்து 'வியூ அண்ட் எடிட்' அழுத்துங்கள். உதடு திறக்கும் இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு தெரியும். 'பீஸ்' என்றால் அதற்குப் பின் மங்கலான இரைச்சல் பட்டை வந்து, பிறகுதான் உயிரொலியின் சீரான வரிகள் தொடங்கும். கோட்டிலிருந்து முதல் வரி வரை மவுஸால் தேர்ந்தெடுத்தால் நேரம் காட்டும். 'பீஸ்' என்பதில் பொதுவாக 50 மில்லிசெகண்டை ஒட்டியோ கூடுதலாகவோ வரும். 'ஸ்பூன்ஸ்' என்பதில் அது மிகக் குறைவு.

தமிழில் மூச்சுள்ள பகரம் இல்லாததால் நாம் 'பீஸ்' என்றாலும் மூச்சில்லாமல் சொல்வோம். ஆங்கிலேயர் காதில் அது bees என விழுந்து, பட்டாணி தேனீக்களாகிவிடும்!

படி 4: உங்கள் குரல்

ப்ராட்டின் 'நியூ' மெனுவில் 'ரெக்கார்ட் மோனோ சவுண்ட்' உண்டு. அதில் அதே பத்தியை வாசித்துப் பதிந்து, 'பீஸ்' சொல்லை முன்போலவே அளந்து பாருங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே வைத்தால் மூச்சு மைக்கில் மோதி அளவைக் கெடுக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம், நுண்ணொலிகள் அதில் நசுங்கிவிடும்.

மூச்சு சரியானதும் 'சீஸ்' (cheese), 'பேக்ஸ்' (bags), 'கிட்ஸ்' (kids) ஆகியவற்றின் கடைசி ஒலிக்கு வாருங்கள். எழுத்தில் எஸ் இருந்தாலும் ஒலி இசட். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு மட்டும் போதாது, முன்னுள்ள உயிரொலியும் சற்று நீள வேண்டும். நம்மவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் அந்த நீளத்தைத்தான். லண்டன்காரரின் 'சீஸ்' என்பதில் உயிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து, உங்கள் அளவைப் பக்கத்தில் எழுதி, இரண்டும் நெருங்கும் வரை அந்த ஒரு சொல்லையே பதியுங்கள்.