பழைய வீட்டின் கவுன்சில் வரி பாக்கி: முழுத் தொகையும் என்மேல் விழுந்தபோது

இங்கிலாந்தில் நால்வர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் குடியிருந்த வாடகை வீட்டுக்கு, நான் காலி செய்த பின் சேர்ந்த கவுன்சில் வரி (கவுன்சில் எனும் உள்ளாட்சி மன்றம் வீடுகளுக்கு விதிக்கும் வரி) பாக்கியையும் சேர்த்து, எனக்கு மட்டும் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. "என் கால் பங்கைக் கட்டிவிடுகிறேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது. 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டப்படி, சம உரிமையுடன் குடியிருப்போர் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. யாருடைய முகவரி கிடைக்கிறதோ அவரிடமே கவுன்சில் முழுவதையும் கேட்கலாம். கடுமையான விதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பொறுப்பு ஒவ்வொரு நாளாகக் கணக்கிடப்படுகிறது. எனக்குக் கைகொடுத்தது அதுதான். புது வீட்டு ஒப்பந்தம், அங்கே வந்த முதல் மின் கட்டண பில், பழைய சாவியைப் பெற்றுக்கொண்டதாக ஏஜென்ட் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து, மற்றவர்கள் தொடர்ந்து குடியிருந்த அந்த வீடு எந்தத் தேதியிலிருந்து என் வசிப்பிடம் அல்ல என்பதை விசாரணை நாளுக்கு முன்பே எழுதி அனுப்பினேன். வேலையில் இருந்த மற்ற இருவரின் பெயர்களையும் பில்லில் சேர்க்கக் கோரினேன். நான்காமவர் முழுநேர மாணவர். மாணவரல்லாதோர் உடன் குடியிருக்கும்போது சட்டம் அவரைப் பொறுப்பாக்குவதில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை, அதுவே நியாயமும்கூட.

அழைப்பாணை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய பில் வந்தது. நான் இருந்த காலத்துக்கான தொகையை முழுவதும் கட்டிவிட்டு, ரசீது நகலோடு மற்ற இருவரிடமும் அவரவர் பங்கை எழுத்தில் கேட்டேன். ஒருவர் உடனே அனுப்பினார், மற்றவர் தவணையில் கொடுத்து முடித்தார். கவுன்சில் மறுத்திருந்தாலோ இரண்டு மாதத்தில் பதில் தராமல் இருந்திருந்தாலோ, கவுன்சில் வரித் தகராறுகளை விசாரிக்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு (Valuation Tribunal) மேல்முறையீடு செய்திருப்பேன்.