எல்லா கேமையும் ஒரே அளவுகோல்ல ரிவ்யூ பண்ணாதீங்க

ரிவ்யூ எழுத ஆரம்பிக்கிறவங்க கிராபிக்ஸ், சவுண்ட், கதைன்னு தனித்தனியா மார்க் போட்டு கூட்டிடுறாங்க, அது வேலைக்கே ஆகாது. ஒவ்வொரு ஜானருக்கும், அதாவது கேம் வகைக்கும், கேக்க வேண்டிய கேள்வி வேற.

ஃபைட்டிங் கேம்ல கதை சுமாரா இருந்தாலும் பரவால்ல, ஆனா ஆன்லைன்ல லேக் அடிச்சா எல்லாமே போச்சு. 2023ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எடுத்துக்கோங்க, அதுல நெட் தாமதம் தெரியாம மேட்ச்ச ஓட்டுற ரோல்பேக் நெட்கோட் இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு மூவ் போடுறத சுலபமாக்குற மாடர்ன் கன்ட்ரோல் இருக்கு, அதனால பழைய ஸ்டைல் கிளாசிக், மாடர்ன் ரெண்டு கன்ட்ரோல்லயும் ஆடிப் பாத்துட்டு, வேற வேற ஊர் ஆளுங்களோட மேட்ச் போட்டுட்டு அப்புறம் எழுதுங்க. ரேஸிங்னா வண்டியோட ஹேண்ட்லிங்தான் உயிர், கன்ட்ரோலர்ல ஆடுனீங்களா ஸ்டீரிங் வீல்லயான்னு கண்டிப்பா சொல்லணும்.

கஷ்டமான கேம்னா ரொம்ப கவனம். செகிரோங்கிற கேம்ல கஷ்டத்த கூட்டிக் குறைக்கிற டிஃபிகல்ட்டி செட்டிங்கே கிடையாது, செலஸ்ட்ங்கிற கேம்ல கஷ்டத்த குறைச்சுக்க அசிஸ்ட் மோட் இருக்கு. நீங்க செத்தது கேம் அநியாயமா இருந்ததாலயா இல்ல டைமிங் தப்புனதாலயான்னு பிரிச்சு எழுதுங்க, எனக்கு இதுதான் ரிவ்யூலயே முக்கியமான இடம்.

ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டர வளத்துக்கிட்டே போற ரோல்-பிளேயிங் கேம், முழுசா முடிக்கலன்னா எவ்ளோ தூரம் ஆடுனீங்கன்னு சொல்லிடுங்க.

எந்த கன்சோல்ல ஆடுனீங்க, இல்ல பிசிலயான்னு மொத பத்தியிலயே போடுங்க. சைபர்பங்க் 2077 டிசம்பர் 2020ல பிஎஸ்4ல அவ்ளோ மோசமா ஓடி, சோனி ஸ்டோர்லருந்தே தூக்குனாங்க, ஆனா நல்ல பிசில ஆடுனவங்க அனுபவமே வேற.