கனடாத் தம்பிக்கு ஹட்டனிலிருந்து தத்தெடுப்புப் பத்திரங்கள்

வெளிநாட்டுத் தம்பதியர் இலங்கைப் பிள்ளையைத் தத்தெடுக்க, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் வழியாகத்தான் போக வேண்டும். "தெரிஞ்ச சிறுவர் இல்லத்துல ஒரு பிள்ளை இருக்கு" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கனடாவில் இருக்கும் தம்பியும் மனைவியும் இங்கிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் பார்க்கிறார்கள்; அவர்களுக்காக இங்குள்ள பத்திரங்களை ஹட்டனில் இருந்து எடுப்பது நான்தான். முதலில் பெயர்களைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் அப்பா முத்துசாமி, அடையாள அட்டையில் முத்தையா. பிரதேச செயலகத்தில் இதைத் திருத்தக் கொடுத்துவிட்டே மற்றதைத் தொடங்குங்கள். காலம் போவது இங்கேதான்.

மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். நம் ஊர் மழைக்குப் பயந்து சான்றிதழை லேமினேட் பண்ணாதீர்கள், அப்புறம் முத்திரை எங்கே குத்துவது? பிளாஸ்டிக் உறை போதும். பொலிஸ் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள்; பழசானால் புதிதாகக் கேட்பார்கள்.

நீதிமன்றத்தில் நடக்கும் தத்தெடுப்பு வழக்கு விசாரணைக்குக் கணவன், மனைவி இருவரும் நேரில் வர வேண்டும். லீவை இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

சரி, காத்திருப்பு. தம்பி மனைவி தினமும் "அண்ணி, கடிதம் வந்ததா?" என்று கேட்கிறாள். பாவம்தான். ஆனால் திணைக்களத்துக்கு மாதம் ஒருமுறை, கோப்பு இலக்கத்தைச் சொல்லிப் பேசினால் போதும். பேசியவர் பெயரையும் தேதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.