குளிரில் குடும்பத்தோடு டர்ட் பைக்: டர்பனை விட்டுக் கிளம்புமுன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆடி வந்தால் காற்றோடு குளிரும் சேர்ந்து வரும். டர்பனில் இருக்கும்வரை அது உறைக்காது, ஜூலை மத்தியானம்கூட 23 டிகிரி இருக்கும், ஊருக்குள் சாட்ஸ்வொர்த்தில் அரைக்கைச் சட்டையோடு, மண்பாதையில் ஓட்டுகிற டர்ட் பைக்குகளை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவோம், என்3 நெடுஞ்சாலையில் ஏறி ஹோவிக் பக்கம் திரும்பி புல்வர் தாண்டி மலையடிவாரத்து அண்டர்பெர்க் போய் இறங்கினால் மறுநாள் காலை சீட் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். கடலோரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறிவிட்டோம், அவ்வளவுதான் விஷயம். டர்பன் வெயிலை நம்பி வந்த குடும்பங்கள் பத்து மணிக்கே மூட்டை கட்டும். எங்கள் முதல் வருஷம் நாங்களும் கட்டினோம்.

அதற்கப்புறம் எல்லாக் கணக்கையும் ஒரே ஆளை வைத்துத்தான் போடுகிறோம்: கூட்டத்தில் யாருடைய விரல் முதலில் மரத்துப்போகுமோ அவர். பெரும்பாலும் அது கடைசியில் வரும் எட்டு வயசுக்காரி. எவ்வளவு தூரம், எங்கே நிறுத்துவது, எப்போது திரும்புவது எல்லாம் அவளைப் பார்த்து முடிவாகும். நன்றாக ஓட்டுகிற மச்சான்களுக்கு இது பிடிக்காது, அவர்களுக்கென்று சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

முதல் வேலை இடம். யாருடைய நிலம், யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பைன், யூக்கலிப்டஸ் தோட்டங்களுக்குள்ளும் மாட்டுப் பண்ணைகளிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிற இடங்கள் உண்டு. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும், மாடு வெளியே போனால் அடுத்த வருஷம் உங்களுக்கு அங்கே இடமில்லை. டிராக்கன்ஸ்பர்க் பூங்கா 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், அதன் மலைப்பாதைகள் நடப்பவர்களுக்கானவை, அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்பாதீர்கள். இன்னொன்று: நம்பர் பிளேட் இல்லாத பைக் பண்ணைக்குள் ஓடலாம், ஆனால் இரண்டு பண்ணைக்கு நடுவே இருக்கும் மண்சாலை பொதுச்சாலை. அதில் ஓட்ட வண்டிக்குப் பதிவும் ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும். 125 சிசி வரை 16 வயது, அதற்கு மேல் 18. சானி கணவாய் ஏறலாமா என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். உச்சி 2,800 மீட்டருக்கு மேல், ஏறினால் லெசோத்தோ எல்லை, பாஸ்போர்ட் வேண்டும், குளிர்காலத்தில் மேல் வளைவுகளில் பனிக்கட்டி உறைந்து கிடக்கும். பிள்ளைகளோடு போகிற இடம் அது கிடையாது.

நேரம். விடிகாலையில் கிளம்புவது வீரம் மாதிரித் தெரியும், ஆனால் உறைபனி இருக்கும்போது புல் சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும். நாங்கள் ஒன்பதரைக்குத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறோம். சூரியன் இங்கே வடக்குப் பக்கமாகப் போவதால் தெற்கு பார்த்த சரிவுகளில் பதினொரு மணிக்கும் பனி உருகாமல் இருக்கும், வெயிலில் நன்றாக ஓட்டிவந்து ஒரு வளைவு திரும்பியதும் நிழலுக்குள் நுழைகிற இடத்தில்தான் முன்சக்கரம் வழுக்கிப் போகும். சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு இருட்டிவிடும், மேற்கே மலை இருப்பதால் வெயில் அதற்கும் முன்னாலேயே போய்விடும். மூன்றரைக்கு எல்லோரும் பக்கி (டிரெய்லரை இழுத்துவந்த பிக்கப் வண்டி) பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடுப்பில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். காற்றின் வேகம் குளிரைக் கூட்டும்: 5 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்புக்கு மைனஸ் 1 மாதிரி இருக்கும், 0 டிகிரியில் மைனஸ் 8 மாதிரி. அதற்குப் பயந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டால் கரடுமுரடான ஏற்றத்தில் வேர்த்துக் கொட்டும், பிறகு நிற்கும்போது அந்த ஈரமே ஆளை நடுங்க வைக்கும். அதனால் கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், அது வேர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலியஸ்டரோ கம்பளியோ ஒட்டினாற்போல் ஒன்று, மேலே ஜெர்சி, அதற்கு மேல் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட், வேர்த்தால் கழற்றிப் பையில் சுருட்டிவைக்கிற மாதிரி. கையுறைக்குள் டாக்டர்கள் போடுகிற மெல்லிய ரப்பர் கையுறை ஒன்று போட்டால் காற்று நுழையாது, மலிவான வைத்தியம், நன்றாகவே வேலை செய்கிறது. மாற்றுக் காலுறையும் கையுறையும் ஆளுக்கொன்று கட்டாயம். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருப்பதால் தாண்டுவது சுலபம்தான், ஆனால் விழுந்தால் அன்றைய சவாரி அதோடு முடிந்தது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளின் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியவில்லை என்றால் பிரேக் பிடிக்க முடியாது, சூடாகும்வரை நகரக்கூடாது. “குளிருதா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது, இறக்கிவிடுவார்களோ என்ற பயம். வாயாடிப் பிள்ளை பேச்சை நிறுத்தினால் அதுதான் முதல் அடையாளம்.

சின்னவர்களுக்கு யமஹா பிடபிள்யூ50 போதும், ஆக்சிலேட்டரில் இருக்கும் திருகைத் திருகி வேகத்தைக் குறைத்துவைக்கலாம். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ஹோண்டா சிஆர்எஃப்110, நாலு கியர் உண்டு, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் கார்புரேட்டர் வண்டி கொண்டுவந்தால் அந்த உயரத்தில் மந்தமாகத்தான் இழுக்கும், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி குறையும். டர்பனுக்குச் சரிபார்த்த ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுக்கும், மாற்றுப் பிளக் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் காற்றை அங்கே போய், காலைக் குளிரில் பாருங்கள், டியூப் போட்டது என்றால் ஒரு பார் சுமார். டூ ஸ்ட்ரோக் வண்டியை ரேடியேட்டர் தொட்டால் சூடு தெரிகிறவரை ஓடவிட்டுத்தான் கியர் போட வேண்டும், ஜில்லென்று இருக்கும்போதே முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் கேனில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். என் மச்சான் ஒருவர், நல்ல மனுஷன், ஆயில் கலக்காத பெட்ரோலை என் டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றிவிட்டு “ஃபுல் பண்ணிட்டேன்” என்று சிரித்தார். கிக் அடிக்கும் முன் கேனைப் பார்த்ததால் பிழைத்தேன். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஐந்து லிட்டருக்கு 100 மில்லி, உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

மழை இல்லாத காலம் என்பதால் புழுதி பயங்கரம். முன்னால் போகிறவரின் புழுதி அடங்கும்வரை இடைவெளி விடுங்கள், மாற்று ஏர் ஃபில்டர் ஒன்றை எண்ணெய் தடவிக் கொண்டுபோய் ராத்திரி மாற்றுங்கள். இவ்வளவு இடைவெளியில் யாரும் தொலையாமல் இருக்க ஒரு முறை: வழி தெரிந்தவர் முன்னால், பொறுமைசாலி ஒருவர் வாலாகக் கடைசியில். பாதை பிரிகிற இடத்தில் இரண்டாவதாக வருபவர் நின்று கை காட்ட வேண்டும், வால் வந்த பிறகுதான் நகரலாம். இதை ஒருவர் மீறினாலும் ஒரு மணி நேரம் போச்சு. எங்கள் வால் என் அக்கா. அவள் தாண்டிவிட்டாள் என்றால் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம், ஐந்து வருஷமாக அந்தக் கணக்கு தப்பவில்லை. தோட்டத்துக்குள் செல்பேசி சிக்னல் போய்விடும், அதனால் போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் கீழே இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஆம்புலன்ஸுக்கு 10177, செல்பேசியிலிருந்து 112.

ஓட்டாதவர்கள் சும்மா உட்கார வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். ஆயா நாற்காலியும் போர்வையுமாக பக்கி பக்கத்தில் இருந்தால்தான் நனைந்த பிள்ளைக்குப் போக ஒரு இடம் இருக்கும். இஞ்சி டீ ஃபிளாஸ்க் மூன்று, உருளைக்கிழங்கு சுருட்டிய ரொட்டி. பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது) கொண்டுவராதீர்கள், மரத்த கையோடு அதைச் சாப்பிட்டால் குழம்பு முழுக்க ஜெர்சியில்தான். ஆடியில் இறைச்சி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள், சுகர் பீன்ஸ் கறி ஒரு பானை செய்தால் சண்டை வராது.

ஓட்டி வந்த பைக்கைக் காய்ந்த புல்லில் நிறுத்தாதீர்கள். சைலன்சர் சூடு போதும், அதிலும் ஆகஸ்டில் மலையிலிருந்து வெப்பக்காற்று இறங்கி அடிக்கிற நாளில் தீ பிடித்தால் ஓடி அணைக்க முடியாது. அப்படிக் காற்று அடித்தால் பைக்கை இறக்கவே வேண்டாம். நாங்கள் ஒரு தடவை அப்படி வந்து, நாள் முழுக்க டிரெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் கறியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.