அவுட்போர்டு இன்ஜின்: கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல்

பல மாதம் ஓட்டாமல் வைத்திருந்த அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் மாட்டுவது) சோக் (காற்றைக் குறைக்கும் விசை) இழுத்தால் ஓடியது. சோக்கை விட்டால் அணைந்தது. புது ஸ்பார்க் பிளக், புது பெட்ரோல், புது பில்டர், எதற்கும் அசையவில்லை. இத்தனைக்கும், பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் வைத்திருந்தேன்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்ததும் விஷயம் புரிந்தது. அப்படி அணைந்தாலும் ஜெட்டுக்கு (பெட்ரோல் போகும் சிறு துளை) எட்டாத கொஞ்சம் பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் நிற்கும். அது காய்ந்து, பழுப்புப் பிசினாக, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டை அடைத்திருந்தது. ஊசிமுனை கூட நுழையாத துளை அது. கிளீனர் அடித்ததும் சரி.

இப்போதெல்லாம் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காப்பது) கலந்த பெட்ரோலில், நல்ல தண்ணீர் இணைப்போடு (தண்ணீர் இல்லாவிட்டால், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் போய்விடும்) கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயைக் கழற்றி அணையவிடுகிறேன். அப்புறம் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட்டு, இன்ஜினை நிமிர்த்தி வைக்கிறேன்.