ஓராண்டு நாணயங்கள்: சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வடிவம் ஒரே ஆண்டு மட்டும் அச்சாகி, அடுத்த ஆண்டே மாறிவிட்டால் அதை ஓராண்டு நாணயம் என்கிறோம். உலக நாணயங்களில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. ஏன் நிறுத்தினார்கள் என்று தேடிப் போனால் போர், மதம், மோசடி என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். புதிதாகச் சேர்ப்பவர்கள் அதிகம் பணம் இழப்பதும் இந்தப் பிரிவில்தான்.

"ஒரே வருஷம்தான் வந்தது சார்" என்று கடைக்காரர் சொன்னதுமே அபூர்வம் என்று நம்பிவிடுவது பெரிய தவறு. அமெரிக்காவின் 1943 எஃகு சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், அந்த ஆண்டு மட்டும் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். மூன்று நாணயச் சாலைகளிலும் சேர்த்து 100 கோடிக்கு மேல்! புழங்கிய காசு இன்றும் மலிவுதான். 1883 இல் வந்த ஐந்து சென்ட் காசும் இப்படித்தான். அதில் ரோமன் எண் மட்டும் இருந்தது, 'சென்ட்' என்ற சொல் இல்லை. சிலர் தங்கமுலாம் பூசி ஐந்து டாலர் என்று தள்ளிவிட, அதே ஆண்டே சொல்லைச் சேர்த்தார்கள். பழையதைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள் என்று எண்ணி மக்கள் எடுத்து வைத்ததால், அது இப்போதும் சுலபமாகக் கிடைக்கிறது.

எஃகு சென்ட் வாங்கினால் பளபளப்பில் மயங்காதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்துதான் காசு அடிப்பதற்கான வட்ட வில்லைகளை வெட்டினார்கள். அதனால் அசல் காசின் விளிம்பில் பூச்சு இருக்காது, வெறும் எஃகுதான் தெரியும். துரு பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். விளிம்பும் முகத்தைப் போலவே மினுங்கினால், பின்னாளில் யாரோ மறுபடி முலாம் பூசியிருக்கிறார்கள். அப்புறம், 'தவறுதலாகச் செம்பில் அடித்த அபூர்வ 1943 சென்ட்' என்று யாராவது காட்டினால் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் செம்பு பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் அசல் என்று சொல்லிவிட முடியாது. 1948 காசில் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவது பழைய வேலை.

நாணயத்தில் உள்ள ஆண்டை அது அச்சான ஆண்டு என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த தாலர் என்ற வெள்ளிக் காசில் பெரும்பாலும் 1780 தான் இருக்கும். அவர் இறந்த ஆண்டு அது. ஆனால் அதே ஆண்டைப் போட்டு வியன்னாவிலும் வேறு பல நாடுகளிலும் பின்னாளில் தொடர்ந்து அடித்தார்கள். நம் விக்டோரியா ரூபாயிலும் 1862 என்ற ஆண்டை மாற்றாமலே பல ஆண்டுகள் அச்சிட்டார்கள்.

பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் ஆண்டது 1936 இல் ஓராண்டுகூட இல்லை. அவர் தலை பொறித்த பெரிய 'கிரவுன்' காசைக் காட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பல வெறும் கற்பனைத் தயாரிப்புகள், பின்னாளில் தனியார் செய்தவை. அவர் பெயரில் உண்மையில் புழங்கியவை கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, ஃபிஜி, நியூகினி ஆகிய இடங்களுக்காக அடித்த துளைக் காசுகள். துளைக் காசில் தலை உருவம் வேண்டியதில்லை, பெயர் போதும். கட்ச் சமஸ்தானமும் அவர் பெயரில் காசு வெளியிட்டது. விலையும் அப்படி ஒன்றும் பயமுறுத்தாது.

நம் ஊரில் அதிகம் விலை பேசப்படுவது 1911 ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை, குட்டையான தும்பிக்கையோடு பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி, கையிருப்பை உருக்கினார்கள். 1912 இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி திருத்தினார்கள். ஆகவே ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள், லென்ஸ் வைத்து யானையைப் பாருங்கள். ஆண்டு 1911, யானை திருத்தியது என்றால் எண்ணில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யானையே தேய்ந்து போன காசுக்கு முழு விலை தரத் தேவையில்லை.

வாங்கிய பிறகு புளி போட்டுத் தேய்ப்பது, பற்பொடி போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். கருத்த வெள்ளி கருப்பாகவே இருக்கட்டும். தேய்த்தால் விழும் மெல்லிய கீறல்களை எதனாலும் எடுக்க முடியாது, விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.