சவரக்கத்திக் கைப்பிடிக்கு ஆணி அடிக்கும்போது

குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியே நல்லது. கத்தியின் கூர்ப்பக்கத்தில் டேப் சுற்றிவிட்டு, முதலில் கைப்பிடியின் வால்பக்க (கத்தி சேராத முனை) ஆணியை முடியுங்கள். கத்தி சுழலும் ஆணி கடைசியில்.

இரண்டு பக்கமும் வாஷர் போட்ட பிறகு கம்பி 1 மி.மீ.க்குள் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதிகமானால் கம்பியின் தலை விரியாமல் துளைக்குள்ளேயே வளைந்து கைப்பிடியைப் பிளந்துவிடும். கொம்பில் செய்த கைப்பிடி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள், அடிக்கடி திருப்பிப் போடுங்கள். ஓங்கி அடிக்கவே கூடாது.

இடையிடையே கத்தியை மடக்கிப் பாருங்கள். கைப்பிடியின் இரு பக்கங்களுக்கும் நடுவில் இறங்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். மிஞ்சி இறுகினால் தலையை அரத்தால் ராவி, புது ஆணிதான் போட வேண்டும்.